முப்பது காசு கெப்பாசிட்டரும் முன்னூறு வெள்ளி மதர்போர்டும்

கோலாலம்பூரில் ஒரு கணினி செத்துப்போனால் பழி முதலில் இடி மீதுதான் விழும். அதில் நியாயமும் இருக்கிறது. மாலையானால் வானம் கறுத்து இடி இறங்குகிற ஊர் இது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தையும் மதர்போர்டையும் சேர்த்துத் தின்ற இடியைப் பற்றி எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். இடி இல்லையென்றால் வைரஸ். அதுவும் இல்லையென்றால் வீட்டில் கேம் விளையாடும் பையன். 2002, 2003 வாக்கில் நான் இம்பி பிளாசா பக்கம் ஒரு கடையின் பின்மேசையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசைக்கு வந்த பல இயந்திரங்களில் இந்த மூன்று பேர் மீதும் தப்பே இல்லை. போர்டில் பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் உருளைகள், அதாவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள், உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தன.

இடி தின்ற போர்டை அடையாளம் காண்பது சுலபம். மோடம் கார்டிலோ நெட்வொர்க் சில்லிலோ கருகல் தெரியும். நேற்று ஓடியது, இன்று ஓடாது, அவ்வளவுதான். கெப்பாசிட்டர் கெட்ட போர்டு அப்படி ஒரே நாளில் போகாது. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்த மாதங்களில்தான் வாடிக்கையாளரின் காசு வீணாகும்.

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணன் ஒருவர் தன் கணினியை டாக்சியில் போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, காலையில மூணு நாலு தடவ அமுக்கினாத்தான் எந்திரிக்குது. எந்திரிச்சிட்டா அப்புறம் சாயந்தரம் வரைக்கும் பெருசா பிரச்சினை இல்ல. எப்பவாவது நடுவுல அப்படியே நின்னுடும்" என்றார். அதற்கு முன்பு வேறொரு கடையில் விண்டோஸை அழித்துப் போட்டிருந்தார்கள், ரேமையும் மாற்றியிருந்தார்கள். இரண்டுக்கும் காசு வாங்கியாயிற்று. பிரச்சினை அப்படியே இருந்தது.

அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே விடை இருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஈரம். அந்த ஈரம் குளிர்ந்திருக்கும்போது அதன் உள் மின்தடை, தொழிலில் ஈஎஸ்ஆர் என்போம், அதிகமாக இருக்கும். சூடானால் குறையும். நல்ல கெப்பாசிட்டரில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கெட்டுப்போக ஆரம்பித்ததில் குளிர்ந்த நிலையில் போர்டு எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு உள் மின்தடை ஏறியிருக்கும். பட்டனை மூன்று நாலு முறை அமுக்குவதில் அது கொஞ்சம் சூடேறும், அப்புறம் எழுந்துவிடும். இரவெல்லாம் ஏர்கான் போட்டிருக்கும் அலுவலகங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். "காலையில் எப்படி, மத்தியானம் எப்படி?" என்ற கேள்வியை இன்றுவரை எந்தப் பழுதுக்கும் முதலில் கேட்கிறேன். ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பெட்டியைத் திறந்தால், பிராசசரைச் சுற்றி நின்ற உருளைகளில் சிலவற்றின் தலை உப்பியிருந்தது. அந்த அலுமினியத் தலையில் கே எழுத்து மாதிரியோ சிலுவை மாதிரியோ ஒரு கீறல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. உள்ளே வாயு அழுத்தம் ஏறினால் உருளை வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகக் கிழிந்து வாயு வெளியேற வேண்டும் என்று வேண்டுமென்றே பலவீனமாக விட்ட இடம். ஒன்றில் கீறல் வாய் பிளந்து, காய்ந்த தேன் நிறத்தில் பொருக்கு படிந்திருந்தது. இன்னொன்றின் தலை தட்டையாகத்தான் இருந்தது, ஆனால் உருளை லேசாகச் சாய்ந்து நின்றது. அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்தால் அடியில் இருந்த ரப்பர் மூடி வெளியே தள்ளப்பட்டிருந்தது. மேலே கிழிய வேண்டிய அழுத்தம் கீழே போய்விட்டது. தலையை மட்டும் பார்த்துவிட்டு "கெப்பாசிட்டர் எல்லாம் ஓகே" என்று சொல்லும் கடைக்காரர்கள் கோட்டைவிடுவது இந்த மாதிரி உருளையைத்தான்.

இந்த உருளைக்கு அங்கே என்ன வேலை? பவர் சப்ளையிலிருந்து பிராசசர் பக்கத்துக்கு வருவது 12 வோல்ட். அந்தக் கால பென்டியம் 4க்குத் தேவை ஏறத்தாழ ஒன்றரை வோல்ட், ஆனால் 40 ஆம்பியருக்கும் மேல். 12-ஐ ஒன்றரையாக இறக்குவதற்காக மாஸ்பெட் சுவிட்சுகள் விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகின்றன. அப்படி விட்டு விட்டு வரும் மின்சாரத்தைச் சமப்படுத்திக் கொடுப்பது செம்புக் கம்பிச் சுருளும் கெப்பாசிட்டர்களும். பம்பு விட்டு விட்டு அடித்தாலும் குழாயில் தண்ணீர் சீராக வருவதற்கு மாடித் தொட்டி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வேலை. கெப்பாசிட்டரின் உள் மின்தடை ஏறினால் அந்தச் சீர் கெடும். பிராசசருக்குப் போகும் வோல்டேஜ் விநாடிக்கு இலட்சக்கணக்கான முறை மேலும் கீழும் ஆடும். சாதாரண மீட்டரை வைத்து அளந்தால் சரியாக இருப்பதாகத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் சொல்வது சராசரி. அலைவு ஆசிலோஸ்கோப்பில்தான், அதாவது வோல்டேஜின் ஆட்டத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவியில்தான், தெரியும்.

ஸ்கோப் இல்லாத கடையில் எனக்கு உதவியது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள். ரேம் உண்மையிலேயே கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே முகவரியில் திரும்பத் திரும்பப் பிழை வரும். மின்சாரம் ஆடினால் பிழை ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் வரும், ரேமை மாற்றினாலும் வரும். இரண்டாவது வகையைப் பார்த்தால் ரேமை அப்படியே விட்டுவிட்டு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போர்டைப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, ஏன் அந்த ஓரிரு வருடங்களில் இத்தனை உருளைகள் சேர்ந்தாற்போல் உப்பின? எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பது சுருட்டிய இரண்டு அலுமினியத் தாள், நடுவில் ஈரக் காகிதம். ஒரு தாளின் மேல் நுண்ணிய ஆக்சைடு படலம் இருக்கும். மின்சாரத்தைத் தடுத்து வைப்பது அந்தப் படலம்தான். காகிதத்தில் ஊறியிருக்கும் திரவத்தில் தண்ணீரைக் கூட்டினால் உள் மின்தடை நன்றாகக் குறையும், விலையும் குறையும். வேகமான பிராசசர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். ஆனால் தண்ணீர் அலுமினியத்தைச் சும்மா விடாது. அரித்து ஹைட்ராக்சைடாக்கி, ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அதைத் தடுக்கத் திரவத்தில் சில சேர்மானங்கள் இருக்க வேண்டும். அவை இல்லாமலோ அளவு தவறியோ போனால், உருளை பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும்.

தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில் நடந்தது இதுதான். 2002 கடைசியிலும் 2003 தொடக்கத்திலும் தொழில் இதழ்களில் ஒரு துப்பறியும் கதையே வந்தது. ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்தை விட்டுச் சீனாவுக்கு வேலைக்குப் போன ஒருவர் அங்கே திரவத்தின் செய்முறையைச் செய்துகொடுத்தார், அங்கிருந்து சிலர் அதைத் தைவானுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், போன செய்முறையில் முக்கியமான சேர்மானம் விடுபட்டிருந்தது என்பது கதை. அதன் ஒவ்வொரு வரியும் நிரூபணமானதல்ல. சுவாரசியமான கதை என்பதால் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், திருட்டுச் செய்முறை பாதிக் காரணம். ஒரு உருளையில் சில காசு மிச்சம் பிடிக்கப் பார்த்த போர்டு தயாரிப்பாளர்களும், சூடு தங்கும் இடத்தில் அதை நெருக்கி நட்ட வடிவமைப்பாளர்களும் மீதிப் பாதி. பிரச்சினை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட போர்டு நிறுவனம் ஏபிட். மற்றவர்கள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை.

தைவான் சரக்கு என்றால் கெட்டது, ஜப்பான் சரக்கு என்றால் நல்லது என்று கடைகளில் ஒரு சூத்திரம் ஓடியது. அதுவும் முழுசாகச் சரியில்லை. 2005-இல் டெல் நிறுவனம் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் கெட்டுப்போன பாகங்களுக்காக 300 மில்லியன் அமெரிக்க டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. அந்த மாடல்களில் உப்பியவை ஜப்பானிய நிச்சிகான் கெப்பாசிட்டர்கள். ஆப்பிளும் ஐமேக் ஜி5க்காகத் தனியாகப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே நான் பிராண்டைப் பார்ப்பதோடு நிற்க மாட்டேன், எந்த வரிசை, எந்த ஆண்டு என்பதையும் பார்ப்பேன்.

நம் ஊர் வெயில் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. கெப்பாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். அதன் தரவுத்தாளைப் பார்த்தால் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்பது போல ஒரு கணக்கு இருக்கும். ஒவ்வொரு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலின் கைக்கணக்கு. 65 டிகிரியில் அது 32,000 மணி. இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் மூன்று வருடம் எட்டு மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செந்தூலில் மாடிக்கடையில் மின்விசிறி மட்டும் வைத்து நடத்திய சைபர் கபேயில் பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கும்? அறையே 32, 33 டிகிரி. பெட்டியை மேசையின் அடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள், பையன்கள் ரேமைத் திருடிவிடுவார்கள் என்று. பிராசசர் பக்கம் உருளையை விரலால் தொட்டால் வைத்திருக்க முடியாது. அங்கே நல்ல கெப்பாசிட்டருக்கே ஆயுள் பாதியாகும், கெட்ட திரவம் இருந்தால் வருடம் தாங்குவதே அதிசயம். அந்தக் கபேக்காரரிடம் கடைசியில் அலமாரியின் பின்பலகையை அறுத்து எடுக்கச் சொன்னேன். அடுத்த ஒரு வருடம் அவர் கடையிலிருந்து போர்டு வருவது வெகுவாகக் குறைந்தது. பெரிய மின்விசிறி, விலையுயர்ந்த கேஸ் என்று எதுவும் வாங்கவில்லை. ரம்பம் மட்டும்தான்.

இனி கெப்பாசிட்டர் மாற்றும் வேலை. யூடியூப் பார்த்துவிட்டு எல்லாரும் பயப்படுவது சோல்டரிங்குக்கு. நான் பயப்படுவது வாங்குவதற்கு. சோல்டரிங் கையில் வந்துவிடும். தப்பான கெப்பாசிட்டரை எவ்வளவு அழகாக ஈயம் வைத்தாலும் அது தப்பான கெப்பாசிட்டர்தான்.

பூடுவில் ஜாலான் பசார் தெரியாத எலக்ட்ரானிக்ஸ்காரர் கோலாலம்பூரில் இருக்க முடியாது. வரிசையாகச் சீனக் கடைகள், உயரமான அலமாரிகள், நூற்றுக்கணக்கான சின்ன இழுப்பறைகள். "3300, ஆறு புள்ளி மூணு வோல்ட்" என்று கேட்டால் தௌக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு கைப்பிடி அள்ளி மேசையில் போடுவார். அப்போது ஒன்று முப்பது காசு. "இனி ஒரி கா?" (இது அசல்தானா?) என்று மலாயில் கேட்டால், "ஒரி, போஸ். ஜப்பான் பூஞா" (அசல்தான், ஜப்பான் சரக்கு) என்பார், முகத்தைக்கூட நிமிர்த்த மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ரேடியோவுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் வாங்குகிறார்கள். அதற்கு அந்தச் சரக்கு போதும். மதர்போர்டுக்குப் போதாது.

மைக்ரோபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு), வோல்ட், 105 டிகிரி, இந்த மூன்றும் ஒத்துப்போனால் சரியென்று நினைத்துவிடுகிறார்கள். பொது உபயோகக் கெப்பாசிட்டரிலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கும். இல்லாதது குறைந்த ஈஎஸ்ஆர். பிராசசர் பக்கத்துக்கென்று செய்த வரிசைகளில் உள் மின்தடை பத்து, இருபது மில்லி ஓம்தான் இருக்கும். பொது உபயோகத்தில் அதற்குப் பல மடங்கு. அதை அங்கே வைத்தால் அலைவு மின்னோட்டம் அதன் வழியாகப் பாயும்போது அதுவே சூடாகி வெந்துவிடும். போர்டு அன்றைக்கு எழுந்துவிடும், வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார், சில வாரத்தில் திரும்ப வருவார். எனவே கடைக்குப் போகுமுன் வரிசையின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். பானசோனிக் எஃப்எம், எஃப்ஆர், ரூபிகான் எம்பிஇசட், எம்சிஇசட் போன்றவை நான் தேடி வாங்கியவை. தரவுத்தாளில் 100 கிலோஹெர்ட்சில் ஈஎஸ்ஆர் எவ்வளவு, அலைவு மின்னோட்டம் எவ்வளவு என்ற இரண்டு பத்தியையும் பார்க்க வேண்டும். மைக்ரோபாரட் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. வோல்ட் கூடலாம், குறையவே கூடாது. விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் உருளைக்கு இரண்டு கால்களுக்கும் இடைவெளி மூன்றரை மில்லிமீட்டர், 10-க்கு ஐந்து. 8 இருந்த இடத்தில் 10 நுழையாமல் பக்கத்து உருளையோடு இடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கும் போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போலியும் உண்டு. கழற்றிய பழைய உருளைக்குப் புது உறை மாட்டி விற்பார்கள். கால்கள் குட்டையாக, நுனியில் ஈயம் ஒட்டியிருந்தால் அது பழசு. பெரிய உருளைக்குள் சின்னதைத் திணித்து விற்பதும் நடக்கிறது. கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும். உறை தலையின் விளிம்பில் ஒழுங்காகச் சுருங்கிப் படிந்திருக்கிறதா, வெள்ளைக் கோட்டின் எழுத்து சீராக இருக்கிறதா, ஒரே பையில் உள்ளவற்றின் தலைக் கீறல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை. நிச்சிகானுக்கு நமக்குத் தெற்கே பாங்கியிலேயே ஆலை உண்டு. அப்படியிருந்தும் நான் உண்மையான சரக்குக்குக் கடைசியில் நம்பியது சிங்கப்பூரிலிருந்து கூரியரில் அனுப்பும் பெரிய விநியோகஸ்தர்களைத்தான். ஒரு உருளை முப்பது காசு எங்கே, ஒன்றரை வெள்ளி (ரிங்கிட்) எங்கே என்று வாடிக்கையாளர் கேட்டால், ஒரு போர்டுக்கு அந்த வித்தியாசம் மொத்தமாகப் பதினைந்து, இருபது வெள்ளி வரும் என்று சொல்வேன். அப்போது புதுப் போர்டு முன்னூறு வெள்ளியைத் தொடும்.

கழற்றும்போது சிரமம் தருவது கிரவுண்ட் பக்கக் கால், அதாவது எதிர்முனைக் கால். மதர்போர்டு நான்கு அடுக்கோ அதற்கு மேலோ இருக்கும். நடு அடுக்கில் முழுத் தகடாக ஓடும் செம்பில்தான் எதிர்முனைக் கால் இணைந்திருக்கும். சின்ன சோல்டரிங் அயர்னை வைத்தால் அந்தச் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் உருகாது. உடனே கோபப்பட்டு உருளையைப் பிடித்து இழுப்பார்கள். காலோடு சேர்ந்து துளையின் உள்ளே பூசிய செம்புக் குழாயும் உரிந்து வந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் போர்டைக் காப்பாற்றுவது கஷ்டம். 60 வாட் அயர்ன், அகலமான முனை. முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம், 63/37 (வெள்ளீயம்/காரீயம்) வகை, வைத்து உருக்குங்கள். பழையதோடு கலந்து சீக்கிரம் இளகும். ஒரு காலைச் சூடாக்கி உருளையை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ப்பது, அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய்ப்பது. இப்படி மாற்றி மாற்றி நடத்தினால் தானாக வெளியே வரும். சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி இருந்தால் போர்டின் அடியைக் கொஞ்சம் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம்.

துளையில் ஈயம் அடைத்து நிற்கும். அதற்கு டிரில் போடாதீர்கள், அதுவும் அந்தச் செம்புக் குழாயைத்தான் தின்னும். எவர்சில்வர் ஊசியில் ஈயம் ஒட்டாது. ஒரு பக்கம் அயர்னை வைத்து மறுபக்கத்திலிருந்து ஊசியை நுழைத்துச் சுழற்றி, ஆறும்வரை பிடித்திருந்தால் சுத்தமான துளை கிடைக்கும். பல் குத்தும் குச்சியும் வேலை செய்யும்.

புதியதை மாட்டுமுன் போர்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. போர்டில் அரைவட்டத்தை நிரப்பி அடையாளம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது எதிர்முனை, ஆனால் சில போர்டுகளில் அதே அடையாளம் நேர்முனைக்கு. அச்சை மட்டும் நம்பி மாட்டினால் பட்டனை அமுக்கியதும் டமார். கழற்றுமுன் எது எந்தப் பக்கம் நின்றது என்ற போட்டோ இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

ஈஎஸ்ஆர் மீட்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் பிராசசர் பக்கத்தில் அது ஏமாற்றும். அங்கே ஐந்தாறு உருளைகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று நன்றாக இருந்தாலே மீட்டர் மொத்தத்தையும் நன்றாகக் காட்டும். ஒன்றையாவது கழற்றி வெளியே வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். சாதாரண மீட்டரின் மைக்ரோபாரட் அளவும் அப்படித்தான். கசிவு உள்ள கெப்பாசிட்டர் சில சமயம் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே காட்டும். "பார், 3300-க்கு 3900 இருக்கு, சூப்பர்" என்று ஒருவர் அதைத் திரும்பவும் போர்டில் மாட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இணையாக நிற்பவற்றில் இரண்டு உப்பியிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றுவது என் வழக்கம். ஒரே தொழிற்சாலை, ஒரே பெட்டி, ஒரே சூடு. மற்றவை நல்லவையாக இருக்க என்ன காரணம்?

எல்லாப் போர்டையும் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. மாஸ்பெட் கருகியிருந்தால், அதைச் சுற்றிப் போர்டு பழுப்பேறியிருந்தால், கசிந்த திரவம் மெல்லிய தடங்களை அரித்திருந்தால், நான் கைவிரித்துவிடுவேன். இன்னொன்று: போர்டைச் சரிசெய்து பழைய பவர் சப்ளையோடு திருப்பிக் கொடுப்பது பாதி வேலைதான். அதற்குள்ளும் அதே காலத்து, அதே தரத்து உருளைகள் இருக்கின்றன. குறிப்பாக ஸ்டாண்ட்பை பக்கம். கணினியை அணைத்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை ஐந்து வோல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மலிவான சப்ளைகளில் அந்தச் சுற்றைக் கட்டுப்படுத்துவது சூடான இடத்தில் நிற்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர். அது வறண்டால் ஐந்து வோல்ட் ஐந்தாக நிற்காமல் எகிறும், போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ராத்திரியில் சுவர் சுவிட்சை அணைத்து வையுங்கள் என்று நான் சொல்வது மின்கட்டணத்துக்காக இல்லை. இடிக்கும் அது நல்லது, இதற்கும் நல்லது.

ஆனால் பவர் சப்ளைக்குள் பழகாதவர்கள் கை வைக்க வேண்டாம். நம் 240 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 340 வோல்ட்டைத் தொடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். வடிப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டர் உள்ளே இருக்கும் என்று நம்பித் தொடக்கூடாது, அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும். சப்ளை புதிதாக வாங்கினால் முடியும் வேலை, அதற்கு இந்த வம்பு எதற்கு?

2006, 2007 வாக்கில் போர்டு பெட்டிகளில் "சாலிட் கெப்பாசிட்டர்" என்று பெரிய எழுத்தில் வர ஆரம்பித்தது. லோ யாட் பிளாசாவில் விற்பனைப் பையன்கள் அதையே மந்திரமாகச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் விளம்பரம் பெரும்பாலும் உண்மை. பாலிமர் வகையில் ஈரமே இல்லை, ஆகவே வாயுவும் இல்லை, உப்பலும் இல்லை. இதற்குக் கைக்கணக்கும் வேறு: 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு. அதே 2,000 மணி, 65 டிகிரியில் 200,000 மணி ஆகிறது. பழைய போர்டில் ஈர வகையைக் கழற்றிவிட்டு இதைப் போடலாம். உள் மின்தடை மிகக் குறைவு என்பதால் பிராசசர் பக்கத்தில் மைக்ரோபாரட் பாதியாக இருந்தாலும் பொதுவாகப் போதும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போடக்கூடாது. வோல்டேஜைச் சீராக வைக்கும் சில சின்ன ரெகுலேட்டர்கள், வெளியீட்டில் உள்ள கெப்பாசிட்டரில் கொஞ்சம் ஈஎஸ்ஆர் இருந்தால்தான் நிலையாக ஓடும். அது இல்லாவிட்டால் அவை ஆட ஆரம்பித்துவிடும். பாலிமருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: கெட்டுப்போனாலும் முகத்தில் காட்டாது. தலை உப்பாது, கசியாது. மீட்டரை எடுத்துக் குறுக்குச் சுற்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மதர்போர்டுகள் ஓரளவு தப்பித்துவிட்டன. அந்த ஈர உருளைகள் போன இடம் வேறு: எல்சிடி மானிட்டரின் பவர் போர்டு, டிவி டிகோடர் பெட்டி, ரௌட்டரின் அடாப்டர். திரை எழ வர வர நேரமாகிறது, விளக்கு மட்டும் மின்னுகிறது, ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது சொன்னால் அதே பழைய கதைதான். ரௌட்டருக்கு முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பிறகு இணையச் சேவைக்காரரைத் திட்டலாம்.

கொஞ்ச காலமாக என்னிடம் வருவது இன்னொரு கூட்டம். அப்பாவின் பென்டியம் III-ஐ ஸ்டோரிலிருந்து எடுத்துப் பழைய கேம் விளையாட ஆசைப்படும் பிள்ளைகள். "அங்கிள், நேரா பிளக் போடலாமா?" என்று கேட்கிறார்கள். போடாதீர்கள். பல வருடம் மின்சாரம் பார்க்காத கெப்பாசிட்டரில் அந்த ஆக்சைடு படலம் தளர்ந்திருக்கும், முதல் முறை போடும்போது கசிவு மின்னோட்டம் அதிகமாகப் பாயும். தனி உருளையென்றால் மெதுவாக வோல்டேஜ் ஏற்றிச் சரிக்கட்டலாம், மதர்போர்டில் அதற்கு வசதி இல்லை. பிராசசரைச் சுற்றியுள்ளவற்றை முதலிலேயே மாற்றிவிட்டு, நல்ல புது சப்ளையோடு போடுங்கள். அதற்கும் பழைய 386, 486 போர்டாக இருந்தால் கெப்பாசிட்டரைப் பிறகு பார்க்கலாம். நீல உறை போட்ட பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி ஓரத்தில் ஈயம் வைத்து நிற்கும். பச்சை பூத்திருக்கிறதோ இல்லையோ, அதை முதலில் வெட்டி எடுங்கள். கசிந்திருந்தால் அந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தடங்கள் அறுந்திருக்கின்றனவா என்று மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.